தண்டையார்பேட்டையிலிருந்து பிள்ளைகளை எங்கே அழைத்துப் போவது?

கேள்வி: தண்டையார்பேட்டையில் வாடகை வீட்டில் இருக்கிறோம். மகனுக்கு 6 வயது, மகளுக்கு 3. ஞாயிற்றுக்கிழமை வந்தால் எங்கே போவது என்றே தெரியவில்லை. மிருகக்காட்சி சாலை, பாம்புப் பண்ணை, கோளரங்கம் எல்லாமே தென்சென்னைப் பக்கம் இருக்கின்றன. போய் வந்தால் பணமும் கரைகிறது, உடம்பும் ஓய்ந்துபோகிறது. பையன் கைபேசியை விட்டு அசைய மறுக்கிறான். மகளோ நாலு பேரைக் கண்டால் என் காலைக் கட்டிக்கொள்கிறாள். வடசென்னையிலேயே இவர்களுக்கு ஏதாவது வழி உண்டா?

உண்டு, சகோதரி. தாராளமாகவே உண்டு. இங்கேயே பிறந்து வளர்ந்து, சின்னப் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பயிற்சி கொடுத்து வருகிறவன் நான். வடசென்னையில் பிள்ளைகளுக்கு ஒன்றுமே இல்லை என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு பொறுக்காது. டிக்கெட் வாங்கிக்கொண்டு நுழையும் கேளிக்கை இடங்கள் இங்கே குறைவு, அது உண்மை. ஆனால் பள்ளிக்கூடத்தில் காலடி வைக்கும் வயதுப் பிள்ளைக்கு ஓட ஓர் இடம், ஏற ஒரு படி, எறிய ஒரு பந்து, வாய் பிளந்து பார்க்க அசைகிற பொருள் ஏதாவது ஒன்று இருந்தால் போதும். ரயில், கப்பல், கிரேன், விசைப்படகு என்று அசைகிற பொருள்களுக்கு நம் பக்கத்தில் என்றைக்குப் பஞ்சம் வந்தது? இடத்தைத் தேடுவதற்கு முன்னால் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: அங்கே போனால் பிள்ளையின் கைகாலுக்கு என்ன வேலை கிடைக்கும்? தோளில் உட்கார்ந்து பார்த்துவிட்டுத் திரும்பும் இடமானால் எவ்வளவு பேர்பெற்றதாக இருந்தாலும் பட்டியலின் கடைசியில் வையுங்கள்.

எவ்வளவு ஓடியாட வேண்டும் என்பதற்கு ஓர் அளவு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, உங்கள் மகள் வயதுக் குழந்தைக்கு ஒரு நாளில் 180 நிமிட உடல் அசைவு வேண்டும். அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி இருக்க வேண்டும். திரையைப் பார்ப்பது ஒரு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. மகன் வயதுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் நன்றாக வியர்க்கும் விளையாட்டு. மூன்று மணி நேரமா என்று மலைக்காதீர்கள். காலையில் பால் வாங்க நடப்பது, மாடிப்படி ஏறி இறங்குவது, துணி உலர்த்தும்போது கிளிப் எடுத்துக் கொடுப்பது எல்லாமே அந்தக் கணக்கில் சேரும். வாரம் முழுவதும் வீட்டுக்குள் வைத்துவிட்டு ஞாயிறு ஒரு நாள் வண்டலூர் போய் வந்தால் மட்டும் கணக்கு நேராகாது. ஆகவே வார நாளுக்குத் தெரு, விடுமுறைக்கு அரை நாள் வெளியே என்று இரண்டாகப் பிரித்துச் சொல்கிறேன்.

விடுமுறைக்கு முதலில் ரயில். உங்கள் வீட்டருகிலேயே மெட்ரோ இருக்கிறது. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை சுமார் 9 கிலோமீட்டருக்கு அதை நீட்டித்தார்கள். பெரியவர்களுக்கு அது வேலைக்குப் போகும் வழி, உங்கள் மகளுக்கு அதுவே திருவிழா. தண்டையார்பேட்டை நிலையம் பூமிக்கு அடியில் இருக்கிறது. அங்கே வடக்கே போகும் ரயிலில் ஏறி, பிள்ளைகளைச் சன்னல் ஓரம் நிறுத்துங்கள். முதலில் இருட்டுக் கண்ணாடியில் தங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். சற்று நேரத்தில் சுவரில் மங்கலாக ஒரு வெளிச்சம் படரும். ரயில் மேலே ஏறுவது பாதத்தில் தெரியும். அப்புறம் சட்டென்று வெயில் கொட்டும். மொட்டை மாடிகளும், தண்ணீர்த் தொட்டிகளும், கொடியில் காயும் புடவைகளும் கண்ணுக்கு நேராக வந்து நிற்கும். அந்த நொடியில் சத்தம் போடாத பிள்ளையை நான் பார்த்ததில்லை. திரும்பி வரும்போது அதே காட்சி தலைகீழாக நடக்கும், வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள். சும்மா போய்த் திரும்பினாலே ஒரு மாலைப்பொழுது நிறைந்துவிடும். நகரும் படிக்கட்டில் மட்டும் கவனம் வேண்டும். மெத்தென்ற ரப்பர் செருப்பு ஓரத்தில் சிக்கிக்கொள்ளும். நடுவில் நிறுத்தி, கையைப் பிடித்து, கடைசிப் படியில் தூக்கிவிடுங்கள்.

திருவொற்றியூர் தேரடியில் இறங்கினால் தியாகராஜ சுவாமி கோயில் நடக்கும் தூரம். வடிவுடையம்மனைக் கும்பிடப் போகிறவர்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டே சுற்றி வருகிறார்கள். இறக்கி விடுங்கள். அகலமான பிரகாரம், வண்டி பயம் இல்லை. வெறுங்காலோடு கல் தரையில் நடப்பது மூன்று வயதுக் காலுக்கு நல்ல பழக்கம். ஒரு சுற்றுக்கு எத்தனை தூண் என்று மகனை எண்ணச் சொல்லுங்கள். காலையில் வெயில் ஏறுமுன் போய்விட வேண்டும். பத்து மணிக்குமேல் கல் சுடும்.

அடுத்தது, கும்மிடிப்பூண்டி மார்க்கத்தில் ஓடும் புறநகர் ரயில். ஐந்து வயதுக்குக் கீழே டிக்கெட் வேண்டாம். எண்ணூரைத் தாண்டியதும் ரயில் கொசஸ்தலை ஆற்றைக் கடக்கிறது. சன்னல் கம்பியைப் பிடித்தபடி உங்கள் மகன் எழுந்து நிற்கும் இடம் அதுவாகத்தான் இருக்கும். மீஞ்சூரில் இறங்கி, ஆளுக்கொரு டீயும் பிள்ளைகளுக்கு ஒரு பன்னும் வாங்கிக் கொடுத்துவிட்டு, அடுத்த ரயிலில் திரும்பலாம். கூட்டமில்லாத ஞாயிறு காலையே இதற்கு ஏற்றது. வாசல் பக்கம் விடவே விடாதீர்கள்.

மகன் ரயில் பைத்தியமாக மாறிவிட்டால் இரண்டு இடங்கள் காத்திருக்கின்றன. ஒன்று ராயபுரம் ரயில் நிலையம். 1856 ஜூலை 1ஆம் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அங்கிருந்துதான் வாலாஜா ரோடு வரை ஓடியது. தூண்கள் வரிசையாக நிற்கும் பழைய முகப்பு இன்றும் இருக்கிறது. நம் பேட்டைப் பிள்ளைக்கு இதைச் சொல்லிக் காட்டாமல் வேறு எதைச் சொல்வது? இன்னொன்று பெரம்பூர், வில்லிவாக்கம் பக்கம் நியூ ஆவடி சாலையில், ரயில் பெட்டி செய்யும் ஐ.சி.எஃப். தொழிற்சாலை வளாகத்தை ஒட்டிய ரயில் அருங்காட்சியகம். 2002இல் திறந்தது. நீராவி இன்ஜின்களும் பழைய பெட்டிகளும் திறந்த வெளியில், மரத்தடியில் நிற்கின்றன. குட்டி ரயிலும் ஓடுகிறது. இன்ஜின் சக்கரத்தின் பக்கத்தில் மகனை நிறுத்தி, எது உயரம் என்று கேளுங்கள். சக்கரத்தைச் சுழற்றும் இரும்புத் தண்டு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விரலால் தொடர்ந்து காட்டச் சொல்லுங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதை வேகமாகக் கடந்துவிடலாம். சின்னப் பிள்ளைகளுக்கு வெளித்தோட்டம்தான் விருந்து. திங்கட்கிழமை விடுமுறை.

இனிக் கடல். கடலோரத்தில் இருந்துகொண்டு மணலில் விளையாட இடமில்லை என்பது வடசென்னைத் தாய்மாரின் நெடுநாள் ஏக்கம். இதற்கு ஒரு காரணம் உண்டு. உங்கள் மகன் இன்னும் இரண்டு வருடத்தில் கேட்பான், சொல்லிவையுங்கள். நம் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் எழுப்பியதும் அந்த மணல் தெற்கிலேயே தேங்கிவிட்டது. அப்படித்தான் மெரினா அவ்வளவு அகலமானது. வடக்கே மணல் வந்து சேராததால் ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை கடல் கரையை அரித்துக்கொண்டே வந்தது. அரிப்பைத் தடுக்கக் கொட்டியவைதான் இன்று நாம் பார்க்கும் கருங்கற்கள். அந்தக் கற்களின் மேல் பிள்ளைகளை ஏற விடாதீர்கள். பாசி வழுக்கும், இடுக்குகள் ஆழம். குளிப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். மணல் வேண்டுமென்றால் பஸ் ஏறி மெரினாவுக்குப் போய்விடுங்கள், காலை ஆறரைக்கு. ஒரு பழைய டம்ளர், ஒரு கரண்டி, மாற்றுத் துணி போதும். மணலைத் தோண்டி, நிரப்பி, கொட்டுவது மூன்று வயதுக் கைகளுக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த உடற்பயிற்சி. அலையைவிட்டு நன்றாகத் தள்ளி உட்காருங்கள்.

ஆனால் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை விட்டுவிடாதீர்கள். ஞாயிறு விடியலில் மீன் வாங்க ஊரே திரளும்; அந்த நெரிசலில் பிள்ளைகளோடு போவது சரியில்லை. நான் சொல்வது கோடை விடுமுறைக் காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகுகள் எல்லாம் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு துறைமுகத்தில் நிற்கும். சில படகுகளைக் கரையேற்றி அடிப்பலகையைச் சுரண்டிக்கொண்டிருப்பார்கள், சிலவற்றுக்கு வர்ணம் அடிப்பார்கள். வலை பழுது பார்க்கிற பெரியவர் ஒருவர் பக்கத்தில் மரியாதையாகக் கேட்டுவிட்டு உட்காருங்கள். கால் கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஊசியால் அவர் முடிச்சுப் போடும் வேகத்தைப் பார்த்தால் உங்கள் மகன் கைபேசியை மறந்துவிடுவான். அரை மணி நேரம் போதும். தண்ணீர் விளிம்புக்கு மட்டும் போகக்கூடாது, ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் கை கட்டாயம்.

பூங்காக்களைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ராயபுரத்தில் ராபின்சன் பூங்கா என்று பெரியவர்கள் இன்றும் சொல்லும் அண்ணா பூங்கா, பெரம்பூர் மேம்பாலத்தை ஒட்டிய முரசொலி மாறன் பூங்கா, மாதவரத்தில் தோட்டக்கலைத் துறையின் பூங்கா, இவற்றோடு உங்கள் வார்டிலேயே உள்ள மாநகராட்சிப் பூங்கா. தொலைவில் இருக்கும் அழகான பூங்காவைவிட, வாரம் மூன்று முறை நடந்தே போய்வரக்கூடிய சுமாரான பூங்கா உங்களுக்கு அதிகம் பயன்படும். ஏறப் பிடிக்கிற பிள்ளை என்றால் ஒரு நாள் அண்ணா நகர் கோபுரப் பூங்காவுக்குப் போங்கள். 1968 உலக வர்த்தகக் கண்காட்சிக்காகக் கட்டிய 135 அடிக் கோபுரம், பல ஆண்டுகள் மூடிக் கிடந்து 2023இல் மீண்டும் திறந்தது. எங்கே போனாலும் சறுக்கு மரத்தை முதலில் உங்கள் உள்ளங்கையால் தொட்டுப் பாருங்கள். மூன்று மணி வெயிலில் தகரம் தொடையைப் பொசுக்கிவிடும். ஊஞ்சல் சங்கிலியை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு உட்கார வையுங்கள். கால்வாய் ஓரப் பூங்காவில் ஆறு மணிக்கெல்லாம் கொசு மொய்க்கும், அதற்குள் கிளம்பிவிடுங்கள். கொடுங்கையூர்க் குப்பைமேட்டுப் பக்கமிருந்து புகை நாற்றம் அடிக்கிற நாளில் வெளியே ஓடவிட வேண்டாம். அன்றைக்கு வீட்டுக்குள்ளேயே பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது வார நாட்களுக்கு வருகிறேன். என் பார்வையில் இதுவே முக்கியமான பகுதி. திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலும் எண்ணூர் நெடுஞ்சாலையிலும் கன்டெய்னர் லாரிகள் ஓயாமல் ஓடுகின்றன, அந்தப் பக்கம் வேண்டாம். உள்தெரு ஒன்று போதும். மாலை ஐந்தரையிலிருந்து ஆறரை வரை தெருவின் இரண்டு முனையிலும் ஆளுக்கொரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஒரு தாத்தாவும் ஒரு பாட்டியும் உட்கார்ந்தால் போதும், பைக்கில் வருகிறவர்கள் தானாக வேகத்தைக் குறைப்பார்கள். பக்கத்து வீட்டாரிடம் பேசி இதை வழக்கமாக்கிக்கொண்ட தெருக்கள் நம் பக்கத்தில் உண்டு. ஒரு வீடு ஆரம்பித்தால் மற்ற வீடுகளிலிருந்து பிள்ளைகள் தாமாக இறங்கி வருவார்கள்.

என்ன விளையாடுவது? உங்கள் தெருவில் வாசற்படிகள் இருக்குமல்லவா, கல்லா மண்ணா அதற்கென்றே அமைந்த விளையாட்டு. படி, திட்டு எல்லாம் கல். தெருத் தரை மண். பிடிக்க வருகிறவர் மண்ணைக் கேட்டால் மற்றவர்கள் கல்லில் நிற்கும்வரை தப்பலாம். அவரைச் சீண்டிவிட்டு மண்ணில் இறங்கி ஓடி அடுத்த படியில் ஏறுவதில்தான் ருசி. மகள் இதில் தோற்கவே மாட்டாள், அவளுக்குப் பிடிபடாத சலுகை கொடுத்துவிடுங்கள். நம் தெருக்களில் இப்படிச் சலுகை பெறும் சின்னப் பிள்ளைக்கு ஒப்புக்குச் சப்பாணி என்று பெயரே உண்டு. ஓடுவாள், கத்துவாள், ஆனால் ஆட்டம் இழக்க மாட்டாள்.

மகனுக்கு ஏழாங்கல். ஏழு தட்டைக் கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கோட்டுக்கு அப்பாலிருந்து பந்தால் அடித்துக் கலைக்க வேண்டும். கலைத்த அணியே திரும்ப அடுக்க வேண்டும். அதற்குள் எதிரணி பந்தால் அவர்களை அடித்து வெளியேற்றப் பார்க்கும். குறிபார்த்தல், குனிதல், திரும்பி ஓடுதல், அவசரத்திலும் கை நடுங்காமல் அடுக்குதல் எல்லாம் ஒரே ஆட்டத்தில் வந்துவிடுகின்றன. பயிற்சி வகுப்பில் இவற்றைத் தனித்தனியாகச் சொல்லிக்கொடுக்க எனக்கு வாரக்கணக்கில் ஆகும். ஆறு வயதுக்கு ஏழு கல் அதிகம்; மூன்றில் தொடங்குங்கள். ரப்பர் பந்து முகத்தில் பட்டால் வலிக்கும். பழைய காலுறைக்குள் துணியைத் திணித்து முடிச்சுப் போட்டால் நல்ல பந்து கிடைக்கும். சாக்பீஸ் இருந்தால் பாண்டிக் கட்டம் போடுங்கள். மூன்று வயதுக்கு நொண்டி வராது, இரண்டு காலால் தத்தினாலே போதும்.

காத்தாடி இல்லாமல் வடசென்னை வானம் இல்லை. ஆனால் மாஞ்சா நூல் வண்டியில் போகிறவர்களின் கழுத்தை அறுத்திருக்கிறது, பிஞ்சுக் குழந்தைகள் உட்பட உயிர்கள் போயிருக்கின்றன. சென்னையில் அதற்குத் தடை இருக்கிறது. இருக்கவும் வேண்டும். தையல் நூல் கட்டிய காகிதக் காத்தாடியைத் திறந்த மைதானத்தில் இழுத்துக்கொண்டு ஓடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மொட்டை மாடியில் காத்தாடியே வேண்டாம். மேலே பார்த்துக்கொண்டு பின்னால் நடக்கும் பிள்ளைக்குக் கைப்பிடிச் சுவர் தெரியாது.

மழைக்காலத்திலும் புகை நாளிலும் வீட்டுக்குள் ஒரு பலூனைத் தரை தொடாமல் தட்டிக்கொண்டிருப்பதே இரண்டு பிள்ளைகளையும் வியர்க்க வைத்துவிடும். ஓய்ந்த பிறகு கேரம் பலகையை எடுங்கள். நம் புதுவண்ணாரப்பேட்டைப் பெண் காசிமா 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பை கேரம் போட்டியில் மூன்று தங்கம் வென்று வந்தார். மகளிடமும் அந்தப் பெயரைச் சொல்லி வளருங்கள். கால்பந்து பிடித்தால் வியாசர்பாடி மைதானங்களுக்கு மாலையில் போய் ஓரமாக நில்லுங்கள். உங்கள் மகனைவிடச் சின்னப் பிள்ளைகள் வெறுங்காலோடு பந்தை விரட்டுவதைப் பார்த்தால் அவனாகவே கேட்பான்.

முழுநாள் பயணம் ஒன்று வேண்டும் என்றால் டிசம்பர், ஜனவரியில் பழவேற்காடு. பொன்னேரி வரை ரயில், அப்புறம் பஸ். பருவத்தில் ஏரியில் பூநாரைகள் இறங்கும். டச்சுக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டம் ஊருக்குள் இருக்கிறது. படகுக்காரர் எவ்வளவு அன்பாகக் கூப்பிட்டாலும் பிள்ளைகளோடு படகில் ஏறாதீர்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று அங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்துபோனார்கள். கரையிலிருந்தே பார்த்துவிட்டு வாருங்கள்.

மகனின் கைபேசியைப் பற்றி: பிடுங்காதீர்கள். பிடுங்கினால் அழுகையோடுதான் வெளியே கிளம்புவான், அன்றைய ஆட்டமும் கெடும். அவன் கையில் அதைவிடச் சுவையான ஒரு பொறுப்பைக் கொடுங்கள். மெட்ரோ டிக்கெட்டைக் காட்டிக் கதவைத் திறப்பவன் அவன், அடுத்த நிலையத்தின் பெயரை அறிவிப்பவன் அவன், தங்கையின் தண்ணீர் பாட்டிலைச் சுமப்பவன் அவன். நீங்களும் அவன் அப்பாவும் கைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டு விளையாட்டில் இறங்குங்கள். புடவையைச் சற்றுத் தூக்கிச் செருகிக்கொண்டு நீங்கள் ஏழாங்கல் அடித்தால், அந்த மாலை முழுவதும் அவன் அதையே பேசிக்கொண்டிருப்பான்.

மகள் காலைக் கட்டிக்கொள்வதைக் குறையாக நினைக்க வேண்டாம். மூன்று வயதில் அது இயல்பு. கூட்டம் சேர்ந்த பிறகு கொண்டுபோய் நடுவில் விட்டால் மிரளுவாள். எல்லோருக்கும் முன்னால் போய்விடுங்கள். காலி மைதானத்தில், காலிச் சறுக்கு மரத்தில் பத்து நிமிடம் அவள் மட்டும் விளையாடட்டும். அப்புறம் ஒவ்வொருவராக வரும் பிள்ளைகள் அவள் இடத்துக்கு வருகிறவர்களாகத் தெரிவார்கள். ஒரே பூங்காவுக்கு, ஒரே நேரத்துக்கு, தொடர்ந்து போங்கள். ‘போய் விளையாடு’ என்று முதுகில் கைவைத்துத் தள்ள வேண்டாம். நீங்கள் மணலில் உட்கார்ந்து ஏதாவது கட்டத் தொடங்குங்கள், பக்கத்தில் வந்து உட்காருவாள். வேறொரு குழந்தையும் வந்து உட்காரும். இருவரும் பேசாமல் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் கவலை வேண்டாம், அந்த வயதில் சேர்ந்து விளையாடுவதே அப்படித்தான் தொடங்கும்.